போகிறவனைத் துரத்தினார்களா? டிரானாவின் 19 நாட்கள்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதக் கடைசியில் அல்பேனியாவில் ஒரு தேதிச் சண்டை மூள்கிறது. 1912 நவம்பர் 28 உதுமானியப் பேரரசிடமிருந்து அந்நாடு சுதந்திரம் அறிவித்த நாள். அதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. நாஜி ஆக்கிரமிப்பிலிருந்து நாடு விடுதலை பெற்ற நாள் எது என்பதில்தான் பிணக்கு. வடக்கே ஷ்கோடர் நகரம் மீட்கப்பட்ட 1944 நவம்பர் 29 என்பது பார்ட்டிசான் படையினரின் மரபு. ஜெர்மானியர் அதற்கு முந்தைய நாளே கிளம்பிவிட்டனர், எனவே 28 என்றே கொள்ள வேண்டும் என்பது வலதுசாரிகளின் வாதம்.

இருபத்து நான்கு மணி நேர வித்தியாசத்துக்காகப் பல பத்தாண்டுகளாக ஏன் இத்தனை வாக்குவாதம்? விடுதலை நாளை 28க்குத் தள்ளிவிட்டால் அது 1912இன் நிழலில் மறைந்துபோகும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. "அவர்களாகவே கிளம்பிவிட்டார்கள்" என்ற இரண்டு சொற்களுக்கு வரலாற்றில் இடம் கிடைத்துவிடும். அந்தச் சொற்களை ஏற்றுக்கொண்டால், போரிட்டவனுக்கும் போரிடாதவனுக்கும் வேறுபாடு இல்லை. போரிடாதவனுக்கும் ஜெர்மானியரிடம் துப்பாக்கி வாங்கிப் பார்ட்டிசானைச் சுட்டவனுக்கும் வேறுபாடு இல்லை. எல்லோரும் ஒரே வரிசையில் தேசபக்தர்களாக நிற்கலாம்.

இந்தத் திருத்தல்வாதத்துக்கு மூன்று கால்கள் உண்டு. ஜெர்மானியர் எப்படியும் போயிருப்பார்கள் என்பது முதல் கால். கம்யூனிஸ்டுகளை எதிர்த்த தேசியவாதிகளும் விடுதலை வீரர்களே என்பது இரண்டாவது. பாசிசமும் கம்யூனிசமும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்பது மூன்றாவது. மூன்றையும் அளந்து பார்க்க 1944 அக்டோபர் 29 முதல் நவம்பர் 17 வரை டிரானா நகரில் நடந்த சண்டையைவிட நல்ல அளவுகோல் இல்லை.

கடனைத் தொடர்ந்து வந்த படை

1939 ஏப்ரல் 7, புனித வெள்ளி. அன்று அதிகாலையில் முசோலினியின் துருப்புகள் துர்ரஸ், வ்லோரா முதலிய துறைமுகங்களில் இறங்கின. மன்னர் ஜோக் தம் குடும்பத்தோடு கிரீஸுக்குத் தப்பினார். துர்ரஸ் துறைமுகத்தில் முயோ உல்ச்சினாக்கு என்ற கடற்படைச் சார்ஜெண்ட் இயந்திரத் துப்பாக்கியோடு நின்று போரிட்டு மடிந்தார். சில நாட்களுக்குள் டிரானாவில் கூட்டப்பட்ட ஒரு சபை, அல்பேனிய மணிமுடியை இத்தாலிய மன்னர் விக்டர் இம்மானுவேலின் காலடியில் வைத்தது. நாட்டின் பெரும் நிலக்கிழார்களில் ஒருவரான ஷெஃப்கெத் வெர்லாட்சி பிரதமரானார். அரசனும் நிலப்பிரபுக்களும் கைவிட்ட நாட்டுக்காக ஒரு சார்ஜெண்ட் உயிர் கொடுத்தார் என்பதிலேயே பின்னால் வரப்போகும் ஐந்தாண்டுகளின் வர்க்கச் சித்திரம் அடங்கியிருக்கிறது.

இந்தப் படையெடுப்பு வெறும் முரட்டுத்தனத்தில் பிறந்ததன்று. 1925இலேயே அல்பேனியாவின் தேசிய வங்கி இத்தாலிய மூலதனத்தில் தோன்றியது. அதன் தலைமையகம் ரோமில் இருந்தது. அதே ஆண்டு 'ஸ்வேயா' என்ற இத்தாலியக் கம்பெனி சாலை, பாலம், துறைமுகம் என்ற பெயரில் கடன் கொடுக்க வந்தது. 1926, 1927 ஆம் ஆண்டுகளின் டிரானா ஒப்பந்தங்கள் நாட்டின் பாதுகாப்பை இத்தாலியோடு பிணைத்தன. தெவோல் பகுதியின் எண்ணெய் இத்தாலியர் கைக்குச் சென்றது. பதினான்கு ஆண்டுகள் கடனாக வந்த ஏகாதிபத்தியம் 1939இல் சீருடை அணிந்து வந்தது. அவ்வளவே வேறுபாடு.

அப்போது 'ஜனநாயக' வல்லரசுகள் என்ன செய்தன? முசோலினியுடன் 1938இல் செய்துகொண்ட உடன்பாட்டைப் பிரிட்டனின் சேம்பர்லேன் அரசு முறித்துக்கொள்ளக்கூட முன்வரவில்லை. மியூனிக்கில் செக்கோஸ்லோவாகியாவை விற்றவர்களுக்கு அல்பேனியா ஒரு பொருட்டாகவே படவில்லை.

சுமார் பத்து லட்சம் மக்கள் வாழ்ந்த நாடு அது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எழுத்தறிவில்லாதவர்கள். நிலம் பேய்கள் எனப்பட்ட நிலப்பிரபுக்களிடம். தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தகைய நாட்டில், கோர்ச்சாவிலும் ஷ்கோடரிலும் தனித்தனியே இயங்கிய சிறு குழுக்கள் 1941 நவம்பர் 8 அன்று டிரானாவில் ஒரு வீட்டில் இரகசியமாகக் கூடிக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கின. உறுப்பினர் எண்ணிக்கை சில நூறைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு மே 5 அன்று இளைஞர் தலைவர் கெமால் ஸ்டாஃபாவை டிரானாவிலேயே இத்தாலியப் பாசிஸ்டுகள் சுற்றிவளைத்துக் கொன்றனர். அந்த நாளே இன்றும் அல்பேனியாவில் தியாகிகள் நாள்.

இந்தச் சிறு கட்சி தனியாகப் போரிட முயலவில்லை. 1942 செப்டம்பர் 16 அன்று பெஸா கிராமத்தில் கூடிய மாநாட்டில் கம்யூனிஸ்டுகளோடு தேசியவாதிகளும், மன்னராட்சி ஆதரவாளர்களும், கட்சி சாராத மலைத்தலைவர்களும் அமர்ந்தனர். தேசிய விடுதலை முன்னணி அங்கே பிறந்தது. மாநாட்டை வரவேற்றவர் மிஸ்லிம் பெஸா. அவர் கட்சிக்காரர் அல்லர். இத்தாலியரை எதிர்த்து ஆயுதம் தூக்கிய ஒரு கிராமத் தலைவர். முன்னணி என்றால் கட்சிக்கு வேறு பெயர் என்று எழுதும் இன்றைய வரலாற்றாசிரியர்கள் பெஸாவைத் தாண்டியே செல்ல விரும்புகிறார்கள்.

1943 ஜூலையில் லாபினோத் கிராமத்தில் பொது இராணுவத் தலைமை அமைக்கப்பட்டது. தளபதி ஸ்பிரோ மொய்சியு, அரசியல் கமிசார் என்வர் ஹோக்ஸா. ஆகஸ்ட் 15 அன்று வித்குக்கில் முதலாவது தாக்குதல் பிரிகேட் உருவானது. அதன் தளபதி மெஹ்மத் ஷேஹு, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வதேசப் பிரிகேட்டில் களம் கண்டவர்.

1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்ததாக அறிவிக்கப்பட்டதும் ஜெர்மன் படைகள் நாட்டுக்குள் பெருகின. முதல் நாள் வரை ஆக்கிரமிப்பாளராக இருந்த இத்தாலியச் சிப்பாய்கள் அநாதரவாக நின்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் பார்ட்டிசான்களோடு சேர்ந்தனர். அவர்களது படைப்பிரிவுக்கு 'அந்தோனியோ கிராம்சி பட்டாலியன்' என்று பெயர். முசோலினியின் சிறையில் உடல் நைந்து 1937இல் மறைந்த கிராம்சியின் தந்தைவழி மூதாதையர் அல்பேனிய வம்சத்தினர். ஆக்கிரமிக்க அனுப்பப்பட்ட விவசாயி மகன், ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் விவசாயி மகனோடு தோளிணைந்து நாஜிகளைச் சுட்டான். இந்த அத்தியாயத்தை எந்த இனவாத வரலாற்றாலும் விளக்க முடியாது. அதனால்தான் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

நகருக்குள் புகுந்த மலைப்படை

1943-44 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பார்ட்டிசான்களை அடியோடு துடைத்தெறிய ஒரு பெரும் தாக்குதல் நடத்தினர். உறைபனியில், உணவின்றி, கிழிந்த காலணிகளோடு பிரிகேடுகள் மலைவிட்டு மலை தாவின. பொதுத் தலைமையே செர்மெனிக்கா மலைகளில் சுற்றிவளைக்கப்பட்டது. உடன் இருந்த பிரிட்டிஷ் இராணுவத் தூதுக்குழுவின் தலைவர் பிரிகேடியர் டேவிஸ் காயமுற்றுச் சிறைபிடிக்கப்பட்டார். ஆனால் படை அழியவில்லை. 1944 மே 24 அன்று பெர்மெத் நகரில் மக்கள் பிரதிநிதிகளின் மாநாடு கூடி, மன்னர் ஜோக் நாடு திரும்புவதைத் தடை செய்தது. ஜூனில் ஜெர்மானியர் மறுபடி தாக்கினர், அதுவும் தோற்றது. அக்டோபரில் பெராத் நகரில் கூடிய கூட்டம் தற்காலிக ஜனநாயக அரசை அறிவித்தது. ஒரு வாரத்தில் டிரானா மீதான தாக்குதல் தொடங்கியது.

அந்தத் தாக்குதலின் கடினத்தை உணர ஒரு விஷயத்தை மனத்தில் கொள்ள வேண்டும். மலைகளில் கெரில்லாவுக்கு இடம் துணை, இரவு துணை, பின்வாங்கும் சுதந்திரம் துணை. நகரத்தில் இந்த மூன்றும் இல்லை. எதிரியிடம் டாங்கிகளும் பீரங்கிகளும் இருந்தன. கட்டடங்கள் அரண்களாக மாற்றப்பட்டிருந்தன. மலைக்காகப் பழகிய படை, இலகுவான ஆயுதங்களோடு, தெருச்சண்டையை அந்தத் தெருக்களிலேயே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பாடத்துக்கும் உயிரே கட்டணம்.

அக்டோபர் 29 அன்று மெஹ்மத் ஷேஹு தலைமையில் படைகள் நகருக்குள் புகுந்தன. சண்டை தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு நகர்ந்தது. ஒரு நாள் கைப்பற்றிய முனையை மறுநாள் இழந்து மூன்றாம் நாள் மீண்டும் பிடிக்க வேண்டியிருந்தது. நகருக்குள் ஏற்கெனவே தலைமறைவாக இயங்கிவந்த கெரில்லாக் குழுக்கள் வழிகாட்டின. நகரை நிறுவிய சுலைமான் பாஷாவின் பெயரைத் தாங்கிய பழைய மசூதி இந்தச் சண்டையில் சிதைந்துபோனது. அந்தச் சதுக்கத்தில் பின்னாளில் பெயர் தெரியாத பார்ட்டிசானின் சிலை எழுந்தது.

நவம்பர் நடுவில் போரின் போக்கை முடிவு செய்த நிகழ்வு நகருக்கு வெளியே நடந்தது. எல்பசானிலிருந்து பெரும் ஜெர்மன் படைவரிசை ஒன்று டிரானாவை நோக்கிப் புறப்பட்டது. அது நகரை எட்டியிருந்தால் இரண்டு வாரத் தெருச்சண்டையின் பலன் ஒரே நாளில் அழிந்திருக்கும்; நகருக்குள் இருந்த பிரிகேடுகள் இரு தீக்கு நடுவே சிக்கியிருக்கும். முஷ்கெத்தா என்ற சிற்றூரை ஒட்டிய மலைச்சாலையில் பார்ட்டிசான்கள் அதை மறித்தனர். பல நாள் நீடித்த அந்தச் சண்டையில் படைவரிசை உடைந்து சிதறியது. டிரானாவில் இருந்த ஜெர்மானியருக்கு உதவி வரவில்லை. நவம்பர் 17 அன்று நகரம் விடுதலை பெற்றது. 28 அன்று தற்காலிக அரசு டிரானாவுக்குள் நுழைந்தது. இத்தாலியர் தங்கள் ஆட்சியின் பெருமைக்காகக் கட்டிய தாஜ்தி ஹோட்டலின் முன்னால் விடுதலைப் படை அணிவகுத்தது. மறுநாள் ஷ்கோடரும் மீட்கப்பட்டது.

"எப்படியும் போயிருப்பார்களே"

இப்போது முதல் வாதத்துக்கு வரலாம். ஜெர்மானியர் பால்கனிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தனர் என்பது உண்மை. அதை மறுக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ஆனால் ஏன் பின்வாங்கினர்? செஞ்சேனை ருமேனியாவையும் பல்கேரியாவையும் கடந்து வந்துவிட்டது. அக்டோபர் 20 அன்று பெல்கிரேட் வீழ்ந்துவிட்டது. கிரீஸில் இருந்த ஜெர்மன் படைகள் துண்டிக்கப்படும் அபாயம் நெருங்கியது. ஸ்டாலின்கிராடில் தொடங்கிய அலையே டிரானாவின் வாசலிலும் மோதியது. "அவர்களாகவே போனார்கள்" என்று சொல்பவர்கள், அவர்களைப் போகச் செய்தவர் யார் என்ற கேள்வியை விழுங்கிவிடுகிறார்கள்.

போகிற படை சும்மா போவதில்லை என்பது அடுத்த உண்மை. டிரானா ஜெர்மானியருக்குக் கைவிடத்தக்க ஒரு மூலை அன்று. வடக்கே ஷ்கோடருக்கும் அங்கிருந்து மாண்டிநீக்ரோவுக்கும் செல்லும் பாதையின் பிடி அது. போகிறவர்கள் என்றால் 19 நாட்கள் ஏன் சண்டையிட்டார்கள்? எல்பசானிலிருந்து படைவரிசை ஏன் வந்தது? அவர்கள் படையைச் சேதமின்றி நகர்த்திச் சென்று வேறொரு நாட்டில் போரைத் தொடரவே விரும்பினர். அல்பேனியாவில் தடுக்கப்பட்ட ஒவ்வொரு ஜெர்மன் சிப்பாயும் யூகோஸ்லாவியாவில் ஒரு கிராமத்தைக் கொளுத்த முடியாமல் போனவன்.

பின்வாங்கும் நாஜிப் படையிடம் அமைதியை எதிர்பார்ப்பது எத்தகைய அறியாமை என்பதை அல்பேனிய மக்கள் தம் இரத்தத்தால் அறிந்திருந்தனர். 1943 ஜூலை 6 அன்று, தங்கள் வாகன வரிசை தாக்கப்பட்டதற்குப் பழிவாங்க, ஜெர்மன் மலைப்படையினர் தெற்கே பொரோவா கிராமத்தைத் தீயிட்டு 107 பேரைக் கொன்றனர். 1944 ஜூலையில் ஜிரோகாஸ்தரில் பூலே நைபி, பெர்செஃபோனி கொக்கெதிமா என்ற இரு இளம்பெண்களைப் பொது இடத்தில் தூக்கிலிட்டனர். அப்போதும் ஜெர்மனி எல்லா முனைகளிலும் பின்வாங்கிக்கொண்டுதான் இருந்தது.

வலதுசாரிகள் சொல்லாமல் விடும் மிகப்பெரிய செய்தி வேறு. நவம்பர் 29க்குப் பின் அல்பேனியப் பார்ட்டிசான்கள் வீடு திரும்பவில்லை. இரண்டு டிவிஷன்கள் எல்லையைக் கடந்து கொசோவோ, மாண்டிநீக்ரோ, போஸ்னியா வரை சென்று ஜெர்மானியரோடு போரிட்டன. அங்கே மடிந்து புதைந்தவர்கள் எத்தனையோ பேர். தங்கள் நாட்டின் ஆட்சியைப் பிடிப்பதே அவர்களது ஒரே நோக்கம் என்றால், வெற்றி கிடைத்த மறுவாரமே அந்நிய மண்ணின் பனியில் சாகச் சென்றிருப்பார்களா?

அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியும் அந்தச் சண்டையில் இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜெர்மானியர் தாமாகக் கிளம்பி, நகரச் சாவிகளை அவர்கள் நியமித்த ஆட்சியாளர்களிடம் கொடுத்துச் சென்றிருந்தால், டிரானாவில் கொடி மட்டுமே மாறியிருக்கும். நிலம் பேய்களிடமே இருந்திருக்கும். வங்கியின் தலைமையகம் இன்னொரு தலைநகருக்கு மாறியிருக்கும். பக்கத்து நாடான கிரீஸில் அதே டிசம்பரில் நடந்தது இதற்குச் சாட்சி. நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட விடுதலை முன்னணியினர் மீது ஏதென்ஸ் தெருக்களில் பிரிட்டிஷ் படையே துப்பாக்கிச் சூடு நடத்தியது; நாஜிகளோடு ஒத்துழைத்தவர்கள் புதிய காவல் படையில் இடம்பெற்றனர். டிரானாவின் 19 நாட்கள் இல்லையென்றால் அல்பேனியாவுக்கும் அந்தக் கதியே காத்திருந்தது.

யாருடைய தேசபக்தி?

இரண்டாவது வாதம் 'பல்லி கொம்பெடார்' எனப்பட்ட தேசிய முன்னணியைப் பற்றியது. 1942 நவம்பரில் மித்ஹத் ஃப்ராஷரி தலைமையில் அது தோன்றியது. அவர் அல்பேனிய மறுமலர்ச்சிக்கு உழைத்த குடும்பத்தில் பிறந்தவர், எழுத்தாளர், ராஜதந்திரி. இதை மறுப்பதற்கில்லை. 1943 புத்தாண்டு நாளில் ஜோர்ம் கிராமத்தில் இத்தாலியரை எதிர்த்து பல்லி அமைப்பினரும் பார்ட்டிசான்களும் சேர்ந்தே போரிட்டனர். இதையும் மறுப்பதற்கில்லை. அங்கே வீழ்ந்தவர்களுக்கு உரிய மரியாதை கிடைக்கட்டும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் முக்யே கிராமத்தில் இரு தரப்பும் செய்த உடன்பாட்டைக் கம்யூனிஸ்ட் தலைமை நிராகரித்தது. அம்முடிவு சரியா தவறா, அதில் யூகோஸ்லாவியக் கட்சியின் அழுத்தம் எவ்வளவு என்பவை விவாதத்துக்குரியவை, வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கட்டும். ஆனால் வலதுசாரிகள் இங்கே ஒரு தந்திரம் செய்கிறார்கள். உடன்பாடு முறிந்ததால்தான் பல்லி ஜெர்மானியர் பக்கம் சாய்ந்தது என்கிறார்கள். கூட்டாளியோடு பிணங்கினால் தனியே நின்று எதிரியோடு போரிடலாம், ஒதுங்கியும் இருக்கலாம். எதிரியின் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு குளிர்காலத் தாக்குதலில் பார்ட்டிசான்களைச் சுட வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது? முக்யே உடன்பாட்டின் எந்த விதியும் அதை விளக்காது. நிலவுடைமையும் வணிகச் செல்வமும் மலைவிவசாயியின் துப்பாக்கியைக் கண்டு கொண்ட அச்சமே அதை விளக்கும்.

ஜெர்மானியர் 'சுதந்திர அல்பேனியா' என்ற பெயரில் ஓர் ஆட்சியை நிறுவினர். அதன் உள்துறை அமைச்சர் ஜாஃபெர் தேவா. 1944 பிப்ரவரி 4 அன்று இரவு அவரது காவல் படை டிரானாவில் வீடு வீடாகப் புகுந்து எண்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்கள் போர்க்களத்தில் இருந்தவர்கள் அல்லர். படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுவரப்பட்டவர்கள். நாஜி எஸ்.எஸ். அமைப்பின் 'ஸ்காந்தர்பெக்' டிவிஷன் அதே ஆண்டு உருவாக்கப்பட்டது. அதைத் திரட்ட உதவியவர்களில் தேவாவும் ஒருவர். மே மாதம் பிரிஷ்டினாவில் அந்த டிவிஷனைச் சேர்ந்தவர்கள் 281 யூதர்களைக் கைது செய்தனர். அவர்களில் பலர் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

தேவா யூதர்களின் பட்டியலை ஜெர்மானியரிடம் தர மறுத்தார் என்று அவரது ஆதரவாளர்கள் எடுத்துரைப்பர். அல்பேனியாவில் யூதர்கள் காக்கப்பட்டது உண்மை. போருக்கு முன் இருந்ததைவிடப் போருக்குப் பின் அங்கே யூதர்கள் அதிகமாக இருந்தனர் என்பது ஐரோப்பாவிலேயே அரிய பெருமை. அந்தப் பெருமை, 'பெஸா' எனும் வாக்குத் தவறா நெறியின்படி அந்நியரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்த முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு உரியது. அதைப் பிப்ரவரி 4இன் கொலையாளிக்குச் சலவைக் காரமாகப் பயன்படுத்துவது அந்தக் குடும்பங்களுக்கே அவமதிப்பு.

ஆயினும் சலவை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 1949இல் அமெரிக்க உளவுத்துறை ஆதரவோடு நிறுவப்பட்ட 'சுதந்திர அல்பேனியா' கமிட்டியின் தலைவராக இருந்து நியூயார்க்கில் மறைந்த ஃப்ராஷரியின் எச்சங்கள் 2018 நவம்பரில் டிரானாவுக்குக் கொண்டுவரப்பட்டு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டன. அப்போது ஆட்சியில் இருந்தது பழைய தொழிலாளர் கட்சியின் வாரிசாகத் தோன்றிய சோஷலிஸ்ட் கட்சி! 2022 பிப்ரவரியில் கொசோவோவின் மித்ரோவிட்சாவில் தேவாவின் வீட்டைப் புதுப்பிக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் பணமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது அம்பலமானது. அதற்கு ஆட்சேபம் தெரிவித்தவர்களில் முன்நின்றவர் அங்கிருந்த ஜெர்மன் தூதர். நாஜிகளின் கூட்டாளி யார் என்பதை ஜெர்மனியின் தூதர் நினைவூட்ட வேண்டிய நிலை! அதன் பிறகே திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

தராசில் வைக்கப்படுபவை

மூன்றாவது வாதத்துக்கு ஐரோப்பிய நாடாளுமன்றமே முத்திரை குத்தியிருக்கிறது. 2019 செப்டம்பர் 19 அன்று 535 வாக்குகளால் நிறைவேற்றப்பட்ட தீர்மானம், நாஜிசத்தையும் கம்யூனிசத்தையும் ஒரே மூச்சில் கண்டிக்கிறது. போருக்குக் காரணமாக 1939 ஆகஸ்ட் மாத ஜெர்மன்-சோவியத் ஒப்பந்தத்தைச் சுட்டுகிறது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே ஓர் ஐரோப்பிய நாடு முழுவதுமாக விழுங்கப்பட்டு, அதன் மணிமுடி ரோமுக்குப் போய்விட்டது என்பதை அல்பேனியாவின் வரைபடம் கண்முன் நிறுத்துகிறது. போர் ஆகஸ்டில் தொடங்கியது என்று எழுத வேண்டுமானால் அந்த வரைபடத்தைக் கிழித்தெறிய வேண்டும்.

"போருக்குப் பின் ஹோக்ஸாவின் ஆட்சி எப்படி இருந்தது?" என்ற கேள்வி உடனே எழுப்பப்படும். கேட்கட்டும்; மழுப்ப வேண்டியதில்லை. அந்த ஆட்சி நிலப்பிரபுத்துவத்தை ஒழித்தது, எழுத்தறிவைக் கொடுத்தது. சிறைகளையும் நிரப்பியது, 1967இல் மதவழிபாட்டையே தடை செய்தது, முதலில் மாஸ்கோவையும் பிறகு பெய்ஜிங்கையும் முறித்துக்கொண்டு நாட்டைக் கான்கிரீட் பதுங்குகுழிகளால் மூடியது. கட்சிக்குள் மாற்றுக்கருத்தைத் துரோகம் என்றே கருதியது.

அதன் மிகக் கசப்பான சான்று டிரானா போரின் தளபதியே. இருபத்தேழு ஆண்டுகள் பிரதமராக இருந்த மெஹ்மத் ஷேஹு 1981 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அவர் பல அந்நிய உளவுத்துறைகளின் கையாள் என்று ஹோக்ஸா முத்திரை குத்தினார். அவரது பெயர் போர் வரலாற்றிலிருந்து நீக்கப்பட்டது. தளபதி இல்லாத போராக டிரானா போர் பாடப்புத்தகங்களில் நின்றது. வரலாற்றை அழிக்கும் வேலையை வலதுசாரிகள் 1991க்குப் பின் தொடங்கவில்லை. தொடங்கிவைத்துக் கொடுத்தது ஆளுங்கட்சியே. ஒரு பெயரை அழித்த ரப்பரால் முழுப் பக்கத்தையும் அழிப்பது அடுத்து வந்தவர்களுக்கு எளிதாயிற்று. உலகெங்கும் உள்ள கம்யூனிஸ்டுகள் மறக்கக்கூடாத பாடம் இது. சொந்த வரலாற்றில் பொய்யை அனுமதிக்கும் கட்சி, எதிரியின் பொய்யை மறுக்கும் தார்மீக வலிமையை இழக்கிறது.

ஆனால் இந்தக் குற்றங்களைக் காட்டி 1944ஐ அழிக்க முடியாது. 1981இல் ஹோக்ஸா செய்ததற்காக, 1943 ஜூலையில் பாசிஸ்டுகள் சித்திரவதை செய்து கொன்ற பெராத் நகரத்து இளம்பெண் மார்கரீத்தா துத்துலானி பொறுப்பேற்க முடியுமா? போரில் 28,000 பேர் மடிந்தனர் என்ற அன்றைய அதிகாரப்பூர்வக் கணக்கு மிகையானது என்று சிலர் வாதிடுகின்றனர். கணக்கைத் திருத்துவது ஆய்வாளர் கடமை, அதை வரவேற்கலாம். எண்ணிக்கை குறைவதால் கொன்றவன் யார், மடிந்தவன் யார் என்பது மாறிவிடாது.

இந்தியாவில் கேட்கும் எதிரொலி

இந்தியத் தொழிலாளி வர்க்கத்துக்கு இந்தப் பாட்டு புதிதன்று. "போரில் களைத்த பிரிட்டிஷார் தாமாகவே போனார்கள்" என்ற வரி இங்கும் ஓதப்படுகிறது. 1946 பிப்ரவரியில் 78 கப்பல்களில் சுமார் 20,000 கடற்படையினர் கிளர்ந்தெழுந்ததும், அவர்களுக்கு ஆதரவாகக் கம்யூனிஸ்ட் கட்சியின் அறைகூவலை ஏற்றுப் பம்பாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், இருநூறுக்கும் மேற்பட்டோர் தெருக்களில் சுடப்பட்டு வீழ்ந்ததும் அந்த வரியில் இடம்பெறுவதில்லை. புன்னப்புரா-வயலாரும் தெபாகாவும் இடம்பெறுவதில்லை. விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்காத ஓர் அமைப்பின் வாரிசுகளுக்கு, விடுதலை தானாக வந்தது என்ற கதை மிகவும் வசதியானது. போராட்டமே தேவையில்லாமல் இருந்தது என்றால், போராடாமல் இருந்தது குற்றமாகாது அல்லவா?

டிரானாவிலும் டெல்லியிலும் இந்தக் கதையின் பயன் ஒன்றே. கடந்த காலத்தின் ஒத்துழைப்பாளர்களுக்கு மன்னிப்பு வழங்குவது அதன் பாதி வேலை. இன்று ஒடுக்கப்படுவோரிடம் "காத்திருங்கள், காலம் மாறும், அவர்களாகவே போவார்கள்" என்று சொல்வது மறுபாதி வேலை. கூலி கேட்பவனிடமும் நிலம் கேட்பவனிடமும் ஆளும் வர்க்கம் சொல்வது இதையே.

காத்திருந்தவர்களும் அல்பேனியாவில் இருந்தார்கள். 1944 நவம்பரில் அவர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு யார் வெல்வார் என்று பார்த்திருந்தார்கள். முஷ்கெத்தா சாலையில் நின்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. எதிரியின் படைவரிசை மலைச்சாலையில் வந்துகொண்டிருந்தது. அதை மறிக்காவிட்டால் அது நகருக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். அவர்கள் மறித்தார்கள். டிரானா விடுதலை பெற்றது அதனால்தான்.